அம்மாவின் பாட்டை அடக்கப் போன கதை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், என் கடைவாய்ப் பல் ஒன்று நீங்கலாக. நீயும் மாப்பிள்ளையும் பல் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும்.

விஷயம் அந்தப் பல்லில்தான் ஆரம்பம். நம் ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்தான் எனக்குப் பல் வைத்தியர் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் என் வாய் நிறையக் கருவிகளை வைத்துக்கொண்டு, "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, துதிப் பாட்டுல ஆன்ட்டி ஒரு பக்கம் போறாங்க, நாங்க ஒரு பக்கம் போறோம். கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்களேன்" என்றார். தலையசைக்கக்கூட இடமில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். உன் அம்மா பாட்டு உனக்குப் புதிதல்ல. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே தொடங்கிவிடுவாள். கேட்டால், "பாடுறதுதான் நம்ம வேலை, சுதியெல்லாம் கடவுள் சரிபண்ணிப்பார்" என்பாள். எனக்கு ஜெபம் என்றால் கேட்பது மட்டும்தான். உன் வேலை, என் சர்க்கரை, ஒழுகும் மாடிக் குழாய் என்று ஒழுங்காக வரிசைப்படுத்திக் கேட்டுவிடுவேன். துதிக்கும் பொறுப்பை அவளிடமே விட்டாயிற்று. ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைப்பேன். அப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது? சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள், பாடுவதையே நிறுத்திவிடுவாள். எனக்கு அதுதான் பயம்.

ஆகவே நிதானமாக யோசித்து, மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்வரிசையில் தூணோரம் உட்காரவைத்தேன். அங்கே கூரையின் வளைவு அவள் குரலை வாங்கிப் பெரிதாக்கிப் பீடம்வரை அனுப்பியது. வைத்தியர் திரும்பிப் பார்த்த பார்வையில் என் பல் தானாக வலித்தது. வேறு வழி தோன்றாமல், அவள் குரலை என் குரலால் மூடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மகளே, எனக்குள் இப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. முன்னால் இருந்த தையற்காரர் தன் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கீபோர்டு தடுமாறியது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டாள். மறுநாள் காலை அடுப்பு எரிந்தது, பாட்டு இல்லை. சமையலறை வாசலில் நின்று வைத்தியர் சொன்னதை முழுவதும் கொட்டிவிட்டேன். அவளோ, "அது எனக்குத் தெரியாதாக்கும்! அவரு என்கிட்டயே வந்து சொன்னாரு. சரி தம்பின்னுட்டு நான் பாடிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். பின்னே ஏன் இன்று பாடவில்லை என்றேன். "நேத்து நீங்க பாடினீங்களே, அதைக் கேக்கத்தான் நிறுத்தினேன். இன்னிக்கும் பாடுவீங்களான்னு காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். வெக்கப்படாம ஆரம்பிங்க, நான் கூட வரேன்" என்றாள்.

ஆரம்பித்தேன். ஆளுக்கொரு பக்கம் போய் எப்படியோ ஒன்றாக முடித்தோம். முடித்த பிறகுதான் கவனித்தேன், அன்று காலை ஆண்டவரிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டோ என்னவோ, நீயும் தனியாக இருக்கும்போது கொஞ்சம் பாடிப் பார். குளிருக்குப் போடும் கோட்டில் பொத்தான் அறுந்துவிட்டது என்றாயே, அதை மறக்காமல் தைத்துக்கொள். ஆண்டவர் உங்கள் இருவரையும் காத்து, உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டார் புகார் சொல்லும் அளவுக்குத் துதிச் சத்தம் கேட்கச் செய்வாராக.

தொண்டை கட்டிய நிலையில்,
உன் அப்பா