அட்டையில் இல்லாத பெயர்

வெள்ளவத்தை,
11.8.1996

அன்புள்ள மகன் குகனுக்கு,

நான் சுகம். கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். மேல்வீட்டு யோகநாதன் உனக்கு ரெலிபோனில், "அம்மா அப்பான்ரை பாட்டுகளைக் கேட்டு அழுதுபோட்டா" என்று சொன்னாராம். நான் அழவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் எழுந்து கீழே வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அப்பாவின் நினைவாக நீ பலரைக் கொண்டு பாடுவித்த கசெற்றை உன் சிநேகிதன் பீற்றர் வந்தபோது தந்தார். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து யோகநாதன் வீட்டில் பத்துப் பேர் கூடிக் கேட்டோம். முதல் இரண்டு பாட்டிலும் குறையில்லை. அவற்றைப் பாடிய றேமண்டுக்கு நல்ல குரல், அப்பாவைப் போலப் பாட முயலாதது அதைவிட நல்லது. மூன்றாவதைப் பாடிய பெண் "உப்புக் காற்று" என்பதைத் "தென்றல் காற்று" என்று மாற்றிவிட்டாள். இங்கே கடற்கரைப் பக்கம் காயப்போட்ட சேலை பிசுபிசுத்த ஒருநாள் நான் வைத்த சொல் அது. மாற்றச் சொன்னது யார் என்று கசெற்றின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பாடலும் இசையும் தியாகராசா என்று அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அடியில், பாட்டுக் கொப்பியைப் பாதுகாத்துத் தந்த அம்மாவுக்கு நன்றி என்று போட்டிருந்தாய்.

அப்பா மெட்டை முணுமுணுப்பார், நான் அடுப்படியில் நின்றபடி சொல் வைப்பேன், ரேடியோவுக்குக் கொடுக்கும் படியை உன் வடிவான எழுத்தில் நீதான் எழுதித் தந்தாய். ஒரு பெயர் போதும் என்று அப்போது சொன்னவள் நான்தான், மறுக்கவில்லை. அது எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது, உனக்குத் தந்த உரிமை அல்ல. வேறு யாரும் என்றால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றிருப்பேன். நீ தெரிந்தவன். சந்தைக்குப் போய்வருவதற்குள் மூன்று இடத்தில் மறித்துச் சோதிக்கும் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டையை நீட்டி என் பெயரை வாசிக்கக் கொடுக்கிறேன். என் மகன் அச்சடித்த அட்டையில் அதற்கு இடமில்லை.

சின்னவளுக்கு இருமல் நிற்காவிட்டால் கொதிநீர் ஆவியில் வேது பிடிக்கச் சொல். உங்கள் எல்லோருக்கும் என் ஆசி என்றும் உண்டு, இந்தக் கோபத்தால் அது குறையாது.

இதே பாட்டுகள் மார்கழியில் சீடியாக வரும் என்று பீற்றர் சொன்னார். அதில் என் பெயர் இருக்குமா, இருக்காதா? ரெலிபோன் வேண்டாம். பதிலைக் கடிதத்தில் எழுது.

உன் அம்மா,
இரத்தினம்மா தியாகராசா