குழிமேட்டுக் கேத்தல்

மச்சான்,

பதுளை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கின் வராந்தாவில் உட்கார்ந்து இதை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வாங்குப் பலகையில் ஒரு அம்மா பிளாஸ்கைத் திறந்தார். இஞ்சி தட்டிப்போட்ட மல்லித் தண்ணி. மூடியில் ஊற்றி மகனிடம் நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசம் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

செத்தவருக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிற ஆள் நான். உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

எனக்கு மறுபக்கத்தில் கருப்பையா அண்ணன். உங்களோடு சாவுக் குழி வெட்டிய, உங்களோடு குடித்த, நீங்கள் குடியை விட்டதும் உங்களைப் பார்த்துச் சிரித்த அதே கருப்பையா. கை நடுங்குவது தெரியக்கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது அப்புத்தளையிலேயே ஒருமுறை இறங்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். இப்போது அரை மணிக்கு ஒருதரம், "தம்பி, டொக்டர் வரமாட்டாரு போல. போயிருவமா?" என்கிறார்.

இதே வராந்தாவில் நீங்களும் இருந்தீர்கள். நடுவில் அக்கா. ஓரத்தில் நான், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. நான் பார்க்கிற போன் டவர் ஒன்றில் ஜெனரேட்டர் நின்றுபோய், போனுக்கு மேல் போன் வந்துகொண்டிருந்த நாள் அது. எனக்கு அப்போது எல்லாமே ஜெனரேட்டர்தான். பழுது எங்கே என்று பார்ப்பேன், கழற்றுவேன், மாற்றுவேன், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவேன். உங்களையும் அப்படித்தான் கொண்டுவந்து போட்டேன். உள்ளே வைத்துச் சரிபண்ணிக் கொடுங்கள் என்பதுதான் என் கணக்கு.

கவுன்சிலிங் மிஸ் கதவைத் திறந்து, "கூட வந்தவங்களும் உள்ள வாங்க" என்றார்.

"குடிக்கிறது அவர்தானே மிஸ், நான் எதுக்கு?" என்றேன்.

மிஸ் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உங்களையும் அக்காவையும் மட்டும் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். நீங்கள் போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "விடு மாப்புள. ஒன் ஜெனரேட்டருக்கு மாமியா வீடும் இல்ல, சாவு வீடும் இல்ல. எனக்கு ரெண்டும் இருக்கு."

பகிடி என்று நினைத்தேன். அது பகிடி இல்லை என்று தெரியக் கொஞ்ச காலம் எடுத்தது.

வார்ட்டில் இருந்து திரும்பி வந்தபோது உங்கள் முகம் தெளிந்து ரத்தம் ஊறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்கள். தேயிலை மலைக்குப் போய் மருந்தடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தீர்கள். பிள்ளைகள் உங்கள் காலடிச் சத்தத்துக்கு ஒளிவதை நிறுத்தியிருந்தார்கள். வேலை முடிந்தது என்று நான் எல்ல ஊர்ப் பக்கம் டவர் வேலைக்குப் போய்விட்டேன். அப்போதுதான் மேல் லயத்து வீடுகளில் ஒரு சாவு விழுந்தது.

நம் தோட்டத்துப் பழக்கம் தெரிந்ததுதான். குழி வெட்டுகிறவனுக்குக் கூலி கிடையாது. சாவு வீட்டில் ஒரு போத்தல் வைப்பார்கள். ஒரு வாய் ஊற்றிக்கொண்டுதான் முதல் மண்ணைக் கொத்துவது. ஊற்றாமல் கொத்தினால் செத்தவரை மதிக்கவில்லை என்பார்கள். வெட்டப் போகாமலே இருந்தால் அதைவிட மோசம். நீங்கள் வருஷக்கணக்காக வெட்டியவர். உங்களைக் கூப்பிட்டார்கள், போனீர்கள், வாய் நனைத்தீர்கள். அந்த ஒரு வாய் எங்கே போய் நின்றது என்று அக்காவின் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மாதம் நடமாடும் கிளினிக் நம் தோட்டத்துக்கு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் வைத்தார்கள். மேலே கம்பியில் சேலைத் தொட்டில்கள் தொங்க, கீழே பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, பெரிய பெரிய ஆம்பிளைகள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். உங்களை என்னவோ திட்டப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையும் பட்டேன்.

பதுளையிலிருந்து வந்த அதே மிஸ் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு சாவு வீட்டுப் பக்கம் போகாம இருங்க. அதுதான் நல்லது" என்றார்.

அறையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "மிஸ், கலியாணத்துக்குப் போகாம இருந்துக்கலாம். சாவுக்குப் போகாம லயத்துல எப்புடி இருக்கிறது?"

பின்வரிசையில் பெண்களோடு இருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். "அவரு போகலேன்னா, நாளைக்கி எங்க வீட்டுல ஒண்ணுன்னா யாரு மிஸ் மம்பட்டி தூக்கிட்டு வருவா?"

மிஸ் நல்ல மனுஷி, தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். "அப்ப போங்க. ஆனா வெறுங்கையோட போகாதீங்க. என்னா கொண்டுபோகலாம்னு வீட்டுல ரெண்டு பேரும் பேசுங்க. மாத்திரைய மட்டும் விடாதீங்க."

நீங்கள் பேசிக் கண்டுபிடித்தது ஒரு கேத்தல். அக்கா மல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த கேத்தல். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. டொக்டர் படித்துப் பார்க்கிற வியாதிக்குச் சளிக் கஷாயமா என்று அக்காவிடம் கத்தினேன். "நீ டவர்ல ஏறு. இதுல ஏறாத" என்றாள்.

அடுத்த சாவுக்கு நீங்கள் ஒரு தோளில் மம்பட்டியும் ஒரு கையில் கரி பிடித்த கேத்தலுமாகப் போனபோது நானும் பின்னால் வந்தேன். இடுகாட்டுக் குழிமேட்டில் கருப்பையா அண்ணன் போத்தலோடு நின்றார்.

"என்னாடா கேத்தலு? குழிக்குள்ள போறவருக்கு சளியா?"

"இல்லடா. வெட்டுறவனுக்கு."

"நல்லா இருக்கு. நாளைக்கி பிஸ்கட்டும் கொண்டு வருவ."

"கொண்டாறேன். ஒனக்குப் பல்லு இருந்தா கடி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் ஒரு கோப்பை ஊற்றிக் குடித்துவிட்டு முதல் மண்ணைக் கொத்திவிட்டீர்கள். அவ்வளவுதான். யாரும் திருந்தவில்லை. போத்தல் ஒரு பக்கம் சுற்றியது. ஆனால் நீங்கள் வெட்டினீர்கள், வீட்டுக்கு வந்தீர்கள், குளித்தீர்கள், தூங்கினீர்கள்.

அதற்குப் பிறகு ஒரே நேர்கோடாக இருந்தது என்று எழுதினால் பொய். இடையில் சறுக்கினீர்கள். சறுக்கினால் மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போய் அந்தக் குட்டிக் கதிரையில் உட்கார்ந்தீர்கள். எனக்கு அந்தப் பொறுமை வராது. ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் மெஷினைத் தூக்கி எறி என்று எழுதிக் கொடுக்கிறவன் நான்.

குளவி கொட்டியது ஒரு வெயில் நாளில். மருந்தடிக்கும்போது கூடு கலைந்ததாம். பக்கத்தில் நின்ற பெண்களை ஓடச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசியாக ஓடியிருக்கிறீர்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீங்கிய முகத்தில் உங்களைத் தேட வேண்டியிருந்தது.

சாவு வீட்டில் ஒருவர் சொன்னார், "குடிய விட்டதுல ஒடம்பு பலம் போயிருச்சு. பழைய ஆளா இருந்தா குளவிக்கெல்லாம் தாங்கியிருப்பான்." நான்கு பேர் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் நீங்கள் பட்ட பாட்டுக்கு நம் லயம் கொடுத்த சான்றிதழ் அது. அடிக்கக் கை வந்தது. வெளியே போய் நின்றேன்.

அங்கேயும் பிரச்சினை ஒன்று காத்திருந்தது. குழிக்காரர்களுக்குப் போத்தல் வைக்கவில்லை. அக்கா வேண்டாமென்றுவிட்டாள். மேட்டில் மம்பட்டிகளைத் தரையில் சாய்த்துவிட்டு ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பது லயத்து வாசலில் இருந்தே தெரிந்தது. அப்புத்தளைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. குழி இல்லாமல் உங்களை எங்கே வைப்பது?

எனக்கு வேலை முடிய வேண்டும். "அக்கா, பெரகலைக்கு எறங்கி ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன். இன்னைக்கி ஒரு நாள்தானே."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுப் பேசினாள். "வாங்கிட்டு வா. வந்து அவரு தலமாட்டுல வையி. குடுக்கவான்னு அவருகிட்டயே கேட்டுட்டு எடுத்துட்டுப் போ."

நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கருப்பையா அண்ணன் மேட்டில் இருந்து இறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாசலில் நின்று, உள்ளே வராமல், அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, கேத்தல் எங்க?"

பிரேதம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. கேத்தலைச் சுவரில் இருந்து எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அடுப்பில் கொதித்தது. "இஞ்சி எவ்வளவு போடட்டும்?" என்று அங்கிருந்து கேட்டார்கள். "கூடவே போடுங்க. தொண்டை எரிஞ்சாத்தான் நல்லா இருக்கும்பாரு" என்று இங்கிருந்து அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

கேத்தலை மேட்டுக்குத் தூக்கிப் போனது நான். கைப்பிடி எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துணி சுற்றிப் பிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லித்தரவில்லை. இரண்டு பேர் மம்பட்டியைப் போட்டுவிட்டுச் சாராயத் தவறணைக்கு நடையைக் கட்டினார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டு மழைக்கு முந்திக் கொத்தினார்கள். ஆள் குறைந்ததால் ஒரு பக்கம் சரியாக வரவில்லை. கொஞ்சம் சரிந்த குழியில்தான் கிடக்கிறீர்கள் மச்சான். ஆனால் மல்லித் தண்ணியில் வெட்டிய குழி.

இதோடு எல்லாம் மாறியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கருப்பையா அண்ணன் அன்று சாயங்காலமே குடித்தார். மிஸ் இடமாற்றம் வந்து போய்விட்டார். வாகனம் இல்லையென்று நடமாடும் கிளினிக் நின்றுபோனது. பிள்ளைக் காம்பராவில் இப்போது பிள்ளைகள் மட்டும்தான். மருந்து வேண்டுமென்றால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பதுளைக்கு வர வேண்டும். வந்தால் டொக்டர் மீட்டிங்கில் என்பார்கள். குறைந்த பேரை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்வார்கள், தெரியும். தெரிந்தும் எரிச்சல் போகவில்லை.

கேத்தல் இப்போது என் பொறுப்பு. சாவு விழுந்தால் அக்கா போன் பண்ணுவாள். பக்கத்தில் எங்காவது டவரில் இருந்தால் இறங்கி வருவேன். சில நேரம் ஒருவர்கூடக் குடிக்கமாட்டார். ஆறிப்போனதைத் தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு வருவேன். போன சாவில் போத்தலைத் தொடாமல் ஒருவர் கேத்தல் பக்கம் வந்து நின்றார். இதே கருப்பையா அண்ணன். ஒரு கோப்பை குடித்துவிட்டு, மண்ணைப் பார்த்தபடி, "தம்பி, அந்த கிளினிக் என்னைக்கி?" என்றார். அதனால்தான் இன்று இந்த வாங்கு.

கதவு திறக்கிறது. புது மிஸ், சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறார். பெயரைக் கூப்பிடுகிறார். கருப்பையா அண்ணன் எழும்பவில்லை. தரையையே பார்க்கிறார்.

"உள்ள என்னா தம்பி சொல்லணும்?"

"உள்ளதச் சொல்லுங்க."

"அவன் என்னா சொன்னான்?"

நீங்கள் உள்ளே என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது மச்சான். நான் வெளியே இருந்தேன்.

"கூட வந்தவங்க யாரும் இருக்கீங்களா?" என்று மிஸ் கேட்கிறார்.

டவரில் இருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கட்டும். இதை இத்தோடு நிறுத்துகிறேன். உள்ளே போக வேண்டும்.