மிதியடிப் பேச்சுக்குப் பெயரிட்டவரை ஒப்புவிக்கும் ஓலை

திரு நிறைக. மழை பிழையாத தண்பொழில் நாடாளும் பரிதிக்கோமான், தேனும் தினையும் குறையாத நெடுவரை நாட்டு வேந்தர் கடம்பன் ஆதனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளும் குடிகளும் நலமே வாழ்க.

தங்கள் தூதர் குன்றங்கீரனார் வாய் திறந்தபோதெல்லாம் எம் அவையோர் 'மிதியடிப் பேச்சு' என்று தங்கள் நாட்டுப் பேச்சைச் சொல்லிச் சிரித்ததும், அவர் மனம் நொந்து நாடு திரும்பிவிட்டதும், அவர் எம் அவைக்கு மீளாவிடில் இரு நாட்டு உடன்படிக்கையும் இல்லை என்று தாங்கள் சொல்லியனுப்பியதும் எம்மை வருத்தின. அப்பெயரை இட்டவர் எவராயினும் தங்களிடம் ஒப்புவிப்போம் என்று அவையறிய வாக்களித்து, தேடும் பொறுப்பை, எம் ஓலைகளையெல்லாம் எழுதிக் காக்கும் ஓலைநாயகம் பூதங்கொற்றனாரிடம் தந்தோம்.

அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு புறப்பட்டார். புலவர் ஒருவர் அது வடக்கிலிருந்து வந்த சொல் என்றார். எந்த வடக்கு என்று கேட்டதும் உண்ணப் போய்விட்டார். நாயகமோ விடாக்கண்டராய் நாற்பதாண்டு வாயிற்காவல் ஓலைகளைப் புரட்டினார்.

அகப்பட்டது. எம் தந்தையார் நாளில் தங்கள் நாட்டார் நால்வர் முதன்முதலாக வந்தனர். அரண்மனைக்குள் மிதியடி ஆகாது என்பது எம் வழக்கம். பிறர் வாயிலில் வெறுங்காலோடு புகுபவர் போரில் தோற்றவரே என்பது தங்கள் வழக்கம். ஆகவே வந்திருந்த மூன்று நாளும் சாத்திய கதவுக்கு வெளியே நின்றே பேசினர். உள்ளிருந்த இளம் எழுத்தருக்குக் கதவின் கீழ்ச்சந்தில் தெரிந்தவை மிதியடிகள் மட்டுமே. 'இன்று நான்கு இணை மிதியடிகள் வந்து உரக்கப் பேசின. ஒன்றும் விளங்கவில்லை' என்று அவர் எழுதிவைத்தார். படித்தவரெல்லாம் சிரித்தனர், பெயர் ஒட்டிக்கொண்டது. எழுதியவரே அதை மறந்துபோனார்.

எழுத்தைக் கண்டதும் நாயகம் விளக்கை அருகே இழுத்து மீண்டும் பார்த்தார். அது அவருடைய இளமைக் கால எழுத்தே. தீயிலிட்டிருந்தால் எவரும் அறிந்திரார். ஆனால் எம்மிடம் கொண்டுவந்து தலை குனிந்து நின்றார். அவரை இழக்க எமக்கு மனமில்லை. ஆயினும் கொடுத்த வாக்கை மீற மாட்டோம்.

ஆதலின் அவரையே அனுப்புகிறோம். தங்கள் பேரவை நடுவே இவ்வோலையை அவர் நெடுவரைப் பேச்சிலேயே வாசிக்க வேண்டும் என்பது எம் கட்டளை. பத்து நாளாக நாவைக் கடித்துக்கொண்டு பழகுகிறார், தேறவில்லை. தங்கள் குடிகள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். குன்றங்கீரனார் முன்வரிசையில் அமர்ந்து சிரிக்க வேண்டுகிறோம். அவர் சிரித்து ஓய்ந்ததும் இருவரையும் சேர்த்தே அனுப்பி வைப்பீராக.

இதற்கு எம் இலச்சினை இட்டோம். எழுதியவரும், கொணர்ந்தவரும், இப்போது தங்கள் முன் வியர்த்து நின்று தட்டுத் தடுமாறி வாசிப்பவரும் பூதங்கொற்றனாரே.