பச்சை மையில் திருத்திய தாள்

அக்கா,

போன வாரம் பட்டா விஷயமாக அரியலூர் கோர்ட்டுப் பக்கம் போயிருந்தேன். மரத்தடியில் இன்னும் ஒருவர் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மனுவை அடித்து உருவினபோது கார்பன் தாளின் வாடை வந்தது. கை நீட்டி வாங்கத் தோன்றாமல் நின்றேன். "என்னம்மா, ஏதாச்சும் தப்பா அடிச்சிட்டேனா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன்.

எண்பத்து நாலாம் வருஷம், ரயிலடிக்குப் போகும் சாலையில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியைச் சேலையிலிருந்து தட்டியபடி நீங்கள் படியேறினீர்கள். "இங்க தமிழ் அடிக்கிற மெஷின் இருக்கோ?" அந்த ஒரு கேள்வியிலேயே நீங்கள் இலங்கையிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிட்டது. அங்கே பள்ளிக்கூட டீச்சர். கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து பெரம்பலூரில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தீர்கள். அம்மாவும் தம்பியும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அதன்பின் சனிக்கிழமை தோறும் வந்தீர்கள். உங்களைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டைப் பிரிப்பீர்கள். யாரை எந்த ஊரில் பிடித்துப் போனார்கள், அன்று என்ன சட்டை போட்டிருந்தார். நீங்கள் வாசிக்க நான் அடிப்பேன். அந்தத் தாள்கள் மெட்ராசுக்கும் லண்டனுக்கும் பத்திரிகைகளுக்குப் போயின. "பேரில பிழை விடாதையும். அவையளிட்ட மிச்சம் இருக்கிறது பேர் மட்டுந்தான்" என்பீர்கள்.

ஒருமுறை ஒரு பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, மாணவிகளின் தாளைத் திருத்தும் பச்சை மைப் பேனாவால் மேலே சரியாக எழுதினேன். நீங்கள் ஒப்பவில்லை. புதிதாக அடிக்க வைத்தீர்கள். பழைய தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அதற்கு அடுத்த வாரம் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்தார். மெட்ராசிலிருந்து வருகிறாராம். "டீச்சரம்மா எழுதுறதைப் புஸ்தகமா போடலாம்னு இருக்கோம்மா. மொதல்ல ஒரு தாள் பாத்தா தேவலை. அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்க, கூச்சப்படுவாங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். டீ வாங்கிவரச் சொல்லி உபசரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் அம்மாவின் கடிதத்தோடு வந்தீர்கள். யாரோ பிரித்துவிட்டு மறுபடி ஒட்டிய உறை. தம்பியை ராணுவத்தார் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருக்கிறார்கள். அம்மாவையும் கூப்பிட்டு மேசைமேல் ஒரு தாளைப் போட்டு, "உன் மகள் இந்தியாவில் இருந்துகொண்டு செய்கிற வேலையைப் பார்" என்றார்களாம். பச்சை மையில் திருத்திய தாள் என்று அம்மா எழுதியிருந்தார். எழுதியதெல்லாம் பொய் என்று நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் தம்பியை விடுவார்களாம்.

நீங்கள் வாசித்து முடித்தீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"தாளைப் போடும்" என்றீர்கள்.

'நான் இதுவரை எழுதியவை யாவும் உண்மைக்குப் புறம்பானவை.' அதையும் நான்தான் அடித்தேன், அக்கா. ஒரு பிழைகூட விடவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

அதை இலங்கை அரசாங்கத்தார் தங்கள் பத்திரிகைகளில் போட்டார்கள். பெரம்பலூரில் இருந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கும் அது வந்து சேர்ந்தது. உங்களைப் பார்க்க நான் வந்திருந்த நாளில் ஒரு அம்மா வாசலிலேயே நின்று கேட்டார்: "அப்ப என்ர மகன் செத்தது பொய்யோ, ரீச்சர்?" அவர் போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் போய் இறக்கி வைத்தேன்.

பல மாதம் கழித்துத் தம்பியை விட்டார்கள். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான் என்று கடிதம் வந்தது. நீங்கள் அதன்பின் ஒரு வரிகூட எழுதவில்லை. கனடாவுக்குப் புறப்பட்ட அன்று அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்குக் காத்திருந்தோம். நீங்களாகவே கேட்டீர்கள்: "உம்மட்ட வந்தவன் நல்ல சேர்ட் போட்டிருந்தவனோ?"

"ஆமாங்க்கா."

"என்னட்டையும் வந்தவன். நானும் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான்." என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீர் அழாதையும். எனக்குக் களைச்சுப் போச்சு."

அன்றிலிருந்து யார் வந்து யாரைப் பற்றி விசாரித்தாலும் தெரியாது என்று சொல்லிப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரித்து வந்தவர்களுக்கும் அதே பதில்தான். திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேர்.

இந்த மாசியில் ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். முதுகில் பை, வெயிலில் சிவந்த முகம். "முந்தி இங்க டைப் சொல்லிக் குடுத்த அன்ரி ஒராள் இருந்தவவாம். தெரியுமோ?"

"தெரியாதுங்க" என்றேன். என்னைத்தான் கேட்கிறாள். என்னையே தெரியாது என்றேன்.

அவள் தெருமுனைக் கடையில், டைப் டீச்சரைக் கண்டால் கொடுக்கும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். கடைக்காரர் கொண்டுவந்து தந்தார். உங்கள் தம்பியின் மகள். நீங்கள் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

சீட்டில் இருந்த நம்பருக்கு அன்றே போன் செய்தேன். நன்றாகப் பேசினாள், உங்களைப் போலவே நிறுத்தி நிறுத்தி. கடைசியில் மட்டும் கேட்டாள்: "பிறகு ஏன் அன்ரி, தெரியாதெண்டு சொன்னீங்கள்?"

பழக்கம் என்றேன், அக்கா.