ஸ்டூடியோ வாசலில் சரோஜா

ஜூன் 12, 2006, திங்கள்

காலையிலேயே வெயில். மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு குடம் கைப்பம்பில் அடித்தேன். இடுப்பு வலி.

கல்லூரியில் புள்ளியியல் நடத்திய நாளிலிருந்து வந்த பழக்கம், எதையும் எண் போட்டு எழுதினால்தான் தலையில் நிற்கும். இந்த வாரம் பார்க்க வேண்டியவை:

1. ஸ்டூடியோ வாசலில் ச.வின் படத்தை வைத்திருப்பது சரியா.
2. அந்தப் படம் சட்டப்படி யாருடையது.
3. ச. இருந்திருந்தால் இது அவளுக்குப் பிடித்திருக்காது. (இதில் சந்தேகம் இல்லை. தைரியத்துக்காக எழுதி வைக்கிறேன்.)
4. ஸ்டூடியோ செல்வத்திடம் எப்படிச் சொல்வது.

நடந்தது இது. சரோஜாவின் படம் ஒன்று. நான் பெண் பார்க்கப் போவதற்கு முன் அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பியது, கறுப்பு வெள்ளை. போன மழையில் சுவர் ஓதம் ஏறி முகத்தில் பாதி போய்விட்டது. அவள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் படமும் போகிறதே என்று தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள செல்வத்தின் ஸ்டூடியோவில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் சரிசெய்து, கலரும் ஏற்றிக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனால், கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் போர்டு. இடது பக்கம் பழுதான படம். வலது பக்கம் புதுப்படம். நடுவில் சிவப்பு அம்புக்குறி. 'பழைய போட்டோ புதுசாகும்.' கீழே செல்வத்தின் மொபைல் நம்பர். இரண்டு முகமும் அவள்தான்.

கத்தரிக்காய் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்

புழுக்கம். பூங்காவில் நடைக்குப் பிறகு பெஞ்சில் ராமநாதனும் (வங்கி, ஓய்வு) தாஸும் (மருந்துக்கடை, மகன் பார்த்துக்கொள்கிறான்). ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

ராமநாதன்: "எடுத்தவனுக்குத்தான் சார் காப்பிரைட். க்ளிக் பண்ணவன்தான் ஓனர். ஃபாரின்ல எல்லாம் அப்படித்தான்."

தாஸ்: "எந்த ஃபாரின்? பையன் வீட்டு வாஷிங் மெஷினைப் பார்த்துட்டு வந்தீங்க, அவ்வளவுதானே?"

"உமக்குச் சட்டம் தெரியுமாய்யா?"

"சட்டம் தெரியாது. வெள்ளிக்கிழமை ரிலீசான படம் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு ஹால்ல ஓடிச்சு, அது தெரியும். சண்டைக் காட்சி சத்தம் எங்க வீட்டு வரைக்கும். அன்னிக்குக் காப்பிரைட் எங்கே போயிருந்தது, லீவா?"

"அது வேற. சினிமாக்காரனுக்குக் கோடி கோடியா வருது. நான் ஒரு சிடி வாங்கினா குறைஞ்சா போயிடுவான்?"

"ஓ, பணக்காரன்கிட்ட எடுத்தா அது திருட்டு இல்லை. சரி, எழுதி வெச்சுக்கறேன்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். என் கருத்து என்ன என்று கேட்டார்கள். என் அலமாரியில் இருக்கும் பாடப் புத்தகங்களில் பாதி ஜெராக்ஸ் போட்டு பைண்டு செய்தவை. பின்னட்டையில் ஆசிரியர்களின் முகங்களும் சேர்த்தே ஜெராக்ஸ். அவர்களை யார் கேட்டார்கள்?

கிளம்பும்போது ராமநாதன், "யார் சார் அந்த நண்பர்?" பல்லாவரத்தில் இருக்கிறார் என்றேன். அவர்கள் இருவரும் தினம் செல்வத்தின் கடை வழியாகத்தான் பால் வாங்கப் போகிறார்கள். ச.வை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. இருபத்தொரு வயது முகம், எப்படித் தெரியும்.

இரவு ரவி பேசினான், பெங்களூரிலிருந்து. எல்லாம் சொன்னேன். "என்னப்பா நீ, அம்மா போட்டோவை எவனோ விளம்பரத்துக்கு வைக்கறான், நீ பூங்காவில ஒப்பீனியன் கேட்டுட்டு இருக்கே. போர்டைக் கழட்டிடலாம். நெட்ல ஏத்திட்டான்னா போனதுதான், திரும்ப வராது. ஃபைலையும் டெலீட் பண்ணச் சொல்லு." குழந்தை அழுதது. வைத்துவிட்டான்.

ஜூன் 14, புதன்

நூலகம். மின்விசிறி பாதி வேகம். காப்பிரைட் சட்டம், பழைய பதிப்பு, தூசி. குறித்துக்கொண்டது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல. ராமநாதன் சொன்னது தவறு. (அவரிடம் சொல்லப் போவதில்லை.)

ஆனால் எடுக்கச் சொன்னது நானும் இல்லை. என் மாமனார். செங்கல்பட்டில் ஏதோ ஒரு ஸ்டூடியோ. அவர் காலமாகிவிட்டார். அப்படியானால் அந்த உரிமை அவர் மகன் மூர்த்திக்கும் போகிறது. ச.வின் தம்பி. அஸ்தினாபுரத்தில் வீடு, மறைமலை நகரில் வேலை.

சட்டப்படி மூர்த்தியைக் கேட்காமல் நான் பேசக் கூடாது.

கருமாதிக்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தார். பிறகு இல்லை. நானும் செய்யவில்லை. சண்டை எதுவும் கிடையாது. நான் கூப்பிட்டால் ஏதோ உதவி கேட்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு தயக்கம். இத்தனை மாதம் கழித்து, காப்பிரைட் விஷயமாகக் கூப்பிடுகிறேன் என்றால் சிரிக்க மாட்டாரா.

போனை எடுத்தேன். வைத்தேன். எண் 3 இருக்கிறது, அதுவே போதும். போட்டோக்காரர் வந்தால் அவள் சமையலறைப் பக்கம் போய்விடுவாள். ரவி கல்யாண ஆல்பத்திலேயே மூன்று படத்தில்தான் இருக்கிறாள், அதில் ஒன்றில் முதுகு. அப்படிப்பட்டவளை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இரவு ரசம், அப்பளம்.

ஜூன் 15, வியாழன்

ஸ்டூடியோவுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் செல்வம், "வா சார், பாஸ்போர்ட் சைசா?" ஆமாம் என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். "தோள கொஞ்சம் ஏத்து சார். கண்ணாடில லைட்டு அடிக்குது, கயட்டிடு. சிரிக்க வோணாம், அதுக்குன்னு அயுவுற மாரி மொகத்த வெக்காத சார்."

எட்டு பாஸ்போர்ட் படங்களோடு வெளியே வந்தேன். எதற்கும் தேவையில்லை. போர்டைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினேன்.

ஜூன் 16, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கடையில் செல்வமும் அவர் மனைவியும். மனைவி கவுண்டரில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே, வாசலில் இருப்பது என் மனைவி, இறந்துவிட்டாள், என்னைக் கேட்காமல் வைத்தது சரியில்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

செல்வத்துக்கு நிஜமாகவே ஆச்சரியம். "இன்னா சார் இப்படிக் கேக்கற? அம்மா மொகம் எவ்ளோ லட்சணமா கீது, அதான் வெச்சேன். தப்பா ஒண்ணும் வெக்கலியே."

படம் உங்களுடையது அல்ல என்றேன்.

"படம் உன்னுதுதான் சார். இல்லேன்னல. ஆனா நீ குடுக்க சொல்லோ மூக்கு பாதி இல்ல, ஒதடு இல்ல, இந்தப் பக்கம் கன்னமே இல்ல. மூணு நாளு மவுச புடிச்சி புடிச்சி கண்ணு எரிஞ்சுபோச்சு. அந்த மூக்கு நான் வெச்சது சார். அது யாருது, சொல்லு?"

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கூடத்தில் தினமும் நான் பார்ப்பதில் பாதி மூக்கு செல்வத்துடையது. அவள் மூக்கு அப்படித்தான் இருந்ததா என்று யோசித்தேன். அங்கேயே, கடையில் நின்றுகொண்டு. நினைவுக்கு வரவில்லை.

அவர் மனைவி நிமிர்ந்தார். "யோவ், எடுத்துடுய்யா. மனுசன் கண்ணு கலங்கிகினு நிக்கறாரு, நீ மூக்குக்குப் பங்கு கேட்டுகினு கீற."

செல்வம் வாசலுக்குப் போய்க் கத்தியால் கயிற்றை அறுத்தார். போர்டைச் சுருட்டி, எனக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஃபைலையும் அழிக்கச் சொன்னேன். "வந்து நீயே பாரு சார், பின்னாடி நம்பாம பூடுவ." கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் வந்தது, ஆம் என்பதை அழுத்தினார், போயிற்று. குப்பையிலிருந்தும் அழித்துக் காட்டினார். கோபம் இல்லை. "வூட்ல பிரிண்டு பத்திரமா வெச்சிக்க சார்."

திரும்பும்போது நடை வேகமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவரிடம் கேட்டு, ஒன்று நடந்தது. வீடு வந்து செருப்பைக் கழற்றியதும் சமையலறையைப் பார்த்து, "எடுக்க வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு விளக்கைப் போட்டேன்.

ஜூன் 17, சனி

மாலையில் தூறல். வேட்டிகள் நனைந்துவிட்டன. ரவியிடம் சொன்னேன். "சூப்பர்பா" என்றான். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

மூர்த்தி போன் செய்தார். காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, மூர்த்தி பேசறேன். அக்கா போர்டு எங்க மாமா? நேத்து பார்த்தா காணோம்."

எந்த போர்டு என்று கேட்டேன். நேரம் சம்பாதிக்க.

"தாம்பரத்துல வெச்சிருந்தீங்களே. கம்பெனி பஸ் அங்கதான் மாமா சிக்னல்ல நிக்கும். ரெண்டு வாரமா ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுட்டு இருக்கேன். பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட, அதான் எங்க அக்கான்னேன். நம்ப மாட்டேங்கறான். உன் மூஞ்சிக்கு இப்படி ஒரு அக்காவான்னு கேக்கறான்."

சிரித்தார். பிறகு, "நீங்கதான் வெக்கச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன். மாமாவா இப்படிப் பண்ணாருன்னு வீட்ல கலாகிட்டகூட சொன்னேன். போன் பண்ணணும் பண்ணணும்னு இருந்தேன். அன்னிக்கு அப்பா வெக்க விடலை, மாமா வெச்சுட்டாரு பாரேன்னு."

எதை வைக்க விடவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? அந்தப் படம் எடுத்தப்போ செங்கல்பட்டு ஸ்டூடியோக்காரர், ரொம்ப நல்லா வந்திருக்கு, ஷோகேஸ்ல வெச்சுக்கட்டுமான்னு கேட்டாரு. அக்காவுக்கு அவ்வளவு ஆசை. அப்பா ஒரே கத்தல். கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணை போறவன் வர்றவன் பார்க்கறதான்னு. அக்கா ரெண்டு நாள் சாப்பிடலை. அதுக்கப்புறம் கேமராவைக் கண்டாலே உள்ள போயிடுவா. ஒரு நாளாவது வெச்சுப் பார்த்திருக்கலாம்டா மூர்த்தின்னு போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குக்கூட சொன்னா. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறாள் என்பதுபோல, "ம்" என்றேன்.

"காத்துல கிழிஞ்சிருக்கும். மறுபடி வெக்கச் சொல்லுங்க மாமா. செலவை நான் பாத்துக்கறேன்."

வெயில் ஏறுவதற்குள் போய்ப் பார்த்தேன். கடை ஞாயிறு விடுமுறை. அதே சட்டத்தில் புது ஃப்ளெக்ஸ். மொட்டை போட்ட குழந்தை ஒன்று, சந்தனம் பூசி, சிரிக்கிறது. யார் வீட்டுக் குழந்தையோ.

எண் 3 தவறு. சந்தேகம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறேன்.