அந்த வாஷிங் மெஷின் காட்சி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆனால் இந்த முறை அந்தக் கேள்வியைக் கடைசிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அதனால் மாடிப்படி மட்டும் அவரை விடுவதாக இல்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊரார் வீட்டு லிஃப்டை எல்லாம் சரிசெய்கிறவர் அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போகிறார். எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது, முகத்தை வைத்தால் பவரை அதுவே சொல்லிவிடும், ஆனாலும் கடைசியில் நான் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் எது சொன்னாலும் நீ சிரித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எழுத வந்தது அந்தப் படத்தைப் பற்றி. நீ வெளிநாடு போன பிறகு அப்பா செய்த ஏற்பாடுதானே இது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரே படம், ஒரே நேரம், உனக்குக் காலைக் காட்சி எங்களுக்கு மாலைக் காட்சி, முடிந்ததும் போன். டிரெய்லர் பார்க்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம். இந்த மாதம் படத்தைத் தேர்ந்தெடுத்தது நீ. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் சிரிப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளப் பூமிக்கு வருகிறார்கள் என்று நீ கதை சொன்னபோது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு படமா, சொல். வருகிறவர்கள் எல்லாரும் சட்டியைக் கவிழ்த்தது போல் தலையில் எதையோ மாட்டிக்கொண்டு விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். கதாநாயகன் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நாம் சிரிப்பதற்காக நின்று காத்திருக்கிறான், அரங்கத்தில் ஏசி சத்தம் மட்டும் கேட்கிறது. விண்கலத்தின் கதவைப் பார்த்து அப்பா, "சென்சாரே இல்லாம கதவு வெச்சிருக்கான் பாரு, எவன் கையாவது போகப்போகுது" என்று முணுமுணுத்தார், அன்றைக்கு நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். முன்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகள் இடைவேளைக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும் உரக்கச் சிரிக்கிறார், எனக்குக் கூச்சமாகிவிட்டது. என்னங்க இது என்று கையைக் கிள்ளினேன். "அவ அங்க சிரிச்சிட்டிருப்பா, நாம இங்க உம்முன்னு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? நீயும் கொஞ்சம் சிரியேன்" என்றார். நானும் சிரித்தேன் சிட்டு. உனக்குத் துணையாக.

வெளியே வந்து நடைபாதையிலேயே நின்று போன் போட்டோம். படம் பிரமாதம் என்றாய். அந்தச் சட்டித் தலையன் வாஷிங் மெஷினைத் தன் கேப்டன் என்று நினைத்து சல்யூட் அடித்து அழுதுகொண்டே தகவல் சொல்லும் காட்சியில் சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது என்றாய், பக்கத்து சீட்டு அம்மா டிஷ்யூ எடுத்து நீட்டினார் என்றாய். அப்பா உடனே "ஆமா ஆமா, அந்த சீனு! ஐயோ, வயிறே வலிச்சுப்போச்சுடா" என்றார். நீங்கள் இரண்டு பேரும் அந்த வாஷிங் மெஷினை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். நடுவில் நான் ஒன்றும் புரியாமல் நின்றேன், ஏனென்றால் அப்படி ஒரு காட்சியை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவரைக் கேட்டேன், நீங்க பாத்தீங்களா என்று. "நான் பாப்கார்ன் வாங்கப் போனப்ப வந்திருக்கும். பாக்கலைன்னு சொன்னா பிள்ளை முகம் வாடிடாதா" என்றார். அப்போது நான் சீட்டில்தானே இருந்தேன். கண் அசந்துவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் டெய்லர் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்தப் படத்துக்கு நான் மட்டும் மறுபடி போனேன். உலகத்திலேயே அதை இரண்டாவது தடவை காசு கொடுத்துப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டிக்கெட் கிழிக்கிற பெண் என்னைப் பார்த்து, "என்னக்கா, நேத்துதானே வந்தீங்க, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள். ஆமாம்மா என்றேன். கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் இப்போது வரும், இதோ வரும் என்று நினைத்தேன். எந்தப் படத்துக்கும் நான் அப்படி வேண்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை, அந்த வாஷிங் மெஷின் மட்டும் வந்துவிடட்டும், என் பெண் சொன்னது நிஜமாகிவிடட்டும் என்று. கடைசியில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "அதுவா, அது டிரெய்லர்ல மட்டும்தான்க்கா, படத்துல தூக்கிட்டாங்க. அதை நம்பி வந்தவங்கள்லாம் எங்களத்தான் திட்டிட்டுப் போறாங்க" என்றாள். வெளிநாட்டில் ஓடும் படத்தில் இருக்குமோ என்று அதையும் விடாமல் கேட்டேன். "எல்லா ஊருக்கும் ஒரே படம்தான்க்கா. அங்கயும் இதே திட்டுதான்" என்று சிரித்தாள்.

நீ அன்றைக்குப் படத்துக்குப் போகவில்லை. போகாதது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அந்தப் படத்துக்குப் போகாதவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் எங்கே இருந்தாய்? அறையிலா? திரைச்சீலையைக்கூட விலக்காமல் படுத்திருந்தாயா? கொஞ்ச நாளாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய், நெட் சரியில்லை என்கிறாய், நானும் நம்பினேன், நம்புவது சுலபமாக இருந்தது. வேலை எப்படி என்றால் சூப்பர், சாப்பாடு எப்படி என்றால் சூப்பர். அந்தப் பக்கத்து சீட்டு அம்மாவை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. டிஷ்யூ நீட்டக்கூட ஓர் ஆளை நீயே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்ததா கண்ணு? கண்ணில் தண்ணீர் வந்தது என்றாயே, அது மட்டும்தான் அதில் நிஜமோ என்று நினைத்து நினைத்து எனக்கு மனம் வேலையில் நிற்கவில்லை.

என்னிடம் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தெரியாத எழுத்தைத் தெரிந்தது போலத்தான் படிப்பார்கள். தெரிகிற வரியை நிதானமாகப் படிப்பார்கள், தெரியாத வரி வந்ததும் வேகம் கூடும், குரலில் ஓர் உற்சாகம் வந்துவிடும். ஊரார் குரலில் அதைக் கண்டுபிடிக்கிற எனக்கு உன் குரலில் கேட்கவில்லை பார். எத்தனை ஞாயிறுகளாக நீ அந்தக் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. எத்தனை தூரத்தில் இருந்தாலும் நானும் என் பெண்ணும் ஒரே சீனுக்குத்தான் சிரிப்போம் என்று வேலை செய்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை, நீ படத்தையே பார்க்கவில்லை, இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் சிரித்தீர்கள். அடுத்த மாதப் படத்தை இப்போதே தேடுகிறார். அதற்கு நீ போக வேண்டாம், போனதாகச் சொல்லவும் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, பசிக்காவிட்டாலும் கொஞ்சம் சாப்பிடு. பகலில் ஒரு தடவையாவது தெருமுனை வரை நடந்துவிட்டு வா. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, நான் கடையில் இருந்தாலும் எடுப்பேன், காத்திருக்கிறவர்கள் காத்திருக்கட்டும். சுவரைப் பார்த்துத் திணறுகிறவர்களிடம் நான் தினமும் சொல்வதுதான், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. உனக்கும் அதேதான். நீ எப்படி இருந்தாலும், சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உன்னோடு இருக்கும்.

எடுத்து வைத்த கேள்வியை இப்போது கேட்கிறேன். அவசரமில்லை, நிதானமாகப் பதில் சொல். சுகமா, சிட்டு?

உன் பதிலுக்காக போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா