புளித்தண்ணீரில் பவளம்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு.

ஆராய்ச்சிக்காக மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க மன்னார் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்திருந்த பவளப்பாறைத் துண்டை அம்மா இன்று கழுவிவிட்டாள். நாளை வெள்ளிக்கிழமை என்பதால் குத்துவிளக்குகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டவள், மேசைமேல் இருந்த அதையும் சேர்த்து வாளியில் போட்டிருக்கிறாள்.

"அழுக்கேறிக் கெடந்துச்சு அப்பு. இப்பப் பாரு, அம்புட்டு வெளுப்பா இருக்கு" என்றாள்.

விரலால் தடவிப் பார்த்தேன். பவள உயிர்கள் குடியிருந்த குட்டிக் குட்டிக் குழிகள் எல்லாம் மழுங்கிப்போயிருந்தன. கடல் புளிப்பேறினால் பவளச் சுண்ணாம்பு கரைந்துவிடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசுகிறவன் நான். கடல் வருடக்கணக்கில் செய்கிற வேலையை எங்கள் ஊர் அகரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி மாலைக்குள் செய்துவிட்டது.

"ஏன் மூஞ்சி வாடிப்போச்சு? அடுத்த தடவ போறப்ப இன்னொண்ணு எடுத்தாந்துக்க."

"சரிம்மா" என்றேன். அதை எடுத்துவந்த பவளத் திட்டில் இனி உயிரோடு ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. கரைந்தது அந்தத் தண்ணீரில்தானே இருக்கும் என்று எழுந்து போனேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.